பட்டறைப் பதில்கள்: ஒல்லி வண்டியும் இறக்கை வைத்த வண்டியும்

(இராயப்பேட்டையில் நாற்பது வருடம் டிங்கரிங் பட்டறை நடத்தியவர் வாசகர்களின் கார் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் அப்பாவின் சலூனில் சிவப்பு லம்போர்கினி கவுன்டாச் படம் ஒன்று மாட்டியிருக்கும். பின்னால் பெரிய இறக்கை, புடைத்த மட்கார்டு. இப்போது அதே பெயரில் இறக்கை இல்லாத ஒல்லியான வண்டியின் படத்தைப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றுதானா? எது அசல்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஒரே வண்டிதான் தம்பி. ஒல்லியானது மூத்தது, உங்கள் அப்பா மாட்டியிருந்தது இளையது. எனக்கு மூத்ததுதான் உயிர்.

1971 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் எல்.பி.500 என்ற மஞ்சள் மாதிரி வண்டியை வைத்தார்கள். வடிவம், கார் வடிவமைக்கும் பெர்டோனே நிறுவனத்து மார்செல்லோ காண்டினி. இயந்திரப் பொறுப்பு பாவ்லோ ஸ்டான்சானி. மூக்கு நுனியில் தொடங்கும் கோடு முன்கண்ணாடி வழியே கூரை வரை ஏறக்குறைய ஒரே சரிவில் போகும். தகட்டில் அப்படி ஒரு கோட்டை நெளியாமல் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று சுத்தியல் பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் சாலையில் ஓட்டினால் இன்ஜின் கொதித்தது. பக்கத்தில் வைத்திருந்த காற்றுத் துவாரம் போதவில்லை. சோதனை ஓட்டுநர் பாப் வாலஸும் பட்டறை ஆட்களும் கதவிலிருந்து பின் மட்கார்டு வரை முக்கோணப் பள்ளம் வெட்டி, தோள்மேல் பெட்டி மாதிரி காற்றுவாய் வைத்த பிறகுதான் சூடு அடங்கியது. ஐந்து லிட்டர் இன்ஜின் சோதனையிலேயே போய்விட்டது. பழகிய 3,929 சிசி வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) இன்ஜினுக்குத் திரும்பினார்கள். அடிச்சட்டத்தை இரும்புக் குழாய்களால் புதிதாகக் கட்டி, மேலே அலுமினியத் தகடு போர்த்தினார்கள். இப்படி மூன்று வருடம் உழைத்து 1974-ல் எல்.பி.400 விற்பனைக்கு வந்தது. அந்த முதல் மஞ்சள் வண்டியை அதே வருடம் இங்கிலாந்தில் மோதல் சோதனைக்குக் கொடுத்து நொறுக்கிவிட்டார்கள். இதை முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2021-ல் 25,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்து அதை அச்சு அசலாக மறுபடி செய்திருக்கிறார்கள்.

சரி, புடைத்த மட்கார்டு எங்கிருந்து வந்தது? டயரிலிருந்து. எல்.பி.400-இன் பின் டயர் அகலம் 215 மில்லிமீட்டர்தான். ஃபார்முலா ஒன் கார் பந்தய அணி வைத்திருந்த கனடா தொழிலதிபர் வால்டர் வுல்ஃப், தனக்கென்று அகல டயரும் இறக்கையும் வைத்துச் செய்யச் சொன்னார். அதைப் பார்த்து 1978-ல் எல்.பி.400 எஸ் வந்தது. அதில் பின் டயர் 345 மில்லிமீட்டர்! என் பட்டறைக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அகல டயர் வாங்கி மாட்டிக்கொண்டு பையன்கள் வருவார்கள். பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டு உரசுகிறது என்பார்கள். பத்து, பதினைந்து மில்லிமீட்டர் என்றால் விளிம்பை உள்ளே மடித்துக் கொடுத்துவிடுவேன். 130 மில்லிமீட்டரை எங்கே மடிப்பது? அதனால்தான் ஃபைபர் வளைவுகளை வெளியே பொருத்தினார்கள், சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். சாலைத் திருப்பத்தில் வண்டி தரையைக் கவ்விப் பிடித்தது; நேர்ச்சாலையில் வேகம் குறைந்தது. இறக்கை, விரும்பியவர் வாங்கிக்கொள்ளும் கூடுதல் சாமான். அதை மாட்டினால் உச்ச வேகம் இன்னும் இறங்கும்.

1982-ல் 4,754 சிசி இன்ஜினோடு எல்.பி.500 எஸ். 1985-ல் 5,167 சிசி, சிலிண்டருக்கு நான்கு வால்வு, 455 குதிரைத்திறன் கொண்ட குவாட்ரோவால்வோலே. கார்ப்பரேட்டர்களை இன்ஜின் தலைக்குமேல் ஏற்றியதால் பின்மூடியில் ஒரு திமில் எழும்பியது. 1988-ல் கம்பெனியின் வெள்ளிவிழா வண்டி. அதற்கு உடம்பைத் திருத்தியவர், பிறகு தன் பெயரிலேயே கார் செய்த ஒராசியோ பகானி. 1990-ல் நிறுத்திவிட்டார்கள். எல்லாம் சேர்த்து சுமார் 2,000 வண்டிதான்.

கேள்வி: கவுன்டாச்சில் கியர் பாக்ஸ் இன்ஜினுக்கு முன்னால் இருக்கிறதாமே? சக்கரம் பின்னால்தானே சுழல்கிறது?
– பொறியியல் மாணவர், குரோம்பேட்டை

பதில்: நல்ல கேள்வி. லம்போர்கினியின் இதற்கு முந்தைய வண்டியான மியூராவில் இன்ஜினைக் குறுக்கே படுக்கவைத்திருந்தார்கள். ஸ்டான்சானி அதை நீளவாக்கில் திருப்பினார். கியர் பாக்ஸை இன்ஜினுக்குப் பின்னால் தொங்கவிட்டால் வால் கனத்துவிடும். அதனால் முன்பக்கம் திருப்பி, இரண்டு சீட்டுக்கும் நடுவே நுழைத்தார். அங்கிருந்து ஒரு ஷாஃப்ட், இன்ஜின் அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப்புக்குள்ளேயே புகுந்து பின்னால் போய்ச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. கியர் கம்பி நேராகப் பெட்டிமேலேயே நிற்கும். மியூரா மாதிரி நீளக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. எடையும் வண்டியின் நடுவுக்கு வந்தது. என்னைக் கேட்டால், மேலே தூக்கித் திறக்கும் கதவைவிட இதுதான் அந்த வண்டியின் பெரிய அழகு. பானட்டைத் திறந்தால் தெரியாது, அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கவுன்டாச் என்பது கெட்ட வார்த்தை என்கிறான் என் மகன். வீட்டில் சொல்லலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம் அம்மா. வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதிப் பேச்சு அது. மூலச்சொல்லுக்குக் கொள்ளைநோய் என்று பொருள். ஆனால் பேச்சில் அது ஆச்சரியப்பட்டுச் சொல்வது. நாம் 'அம்மாடியோவ்' என்கிறோமே, அது மாதிரி. வேலை நடந்தபோது கூட இருந்த ஒரு தொழிலாளி அடிக்கடி சொன்ன வார்த்தை என்று காண்டினியே சொல்லியிருக்கிறார். அவர்கள் வாயில் அது 'குன்டாச்'.

கேள்வி: கவுன்டாச்சின் கதவு மேலே தூக்குவது வெறும் பகட்டுதானே?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இல்லை. வண்டி அகலம், பக்கவாட்டில் கதவு திறந்தால் நம் தி. நகர் பார்க்கிங் மாதிரி நெருக்கத்தில் இறங்கவே முடியாது. இன்னொன்று, பின்னால் ஒன்றும் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க, கதவைத் தூக்கிவிட்டு, வாசற்படி மாதிரி அகலமாக இருக்கும் பக்கச் சட்டத்தில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டுவார்கள். வாலஸ் காலத்திலிருந்து இன்றுவரை அதுதான் வழி.