வட்டியில்லா வங்கியும் நாட்டின் வளர்ச்சியும்: கேள்வி பதில்

வட்டி வாங்காத இஸ்லாமிய வங்கிகள் பெருகினால் நாட்டின் பொருளாதாரம் வளருமா?

வளர உதவக்கூடும். 1990 முதல் 2010 வரை 52 நாடுகளின் தரவுகளை வைத்துப் பன்னாட்டு நாணய நிதியத்தில் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. நிதித்துறையில் இஸ்லாமிய வங்கிகளின் பங்கு சிறியதுதான். ஆனாலும் அவற்றுக்கும் வளர்ச்சிக்கும் நேர்த்தொடர்பு இருப்பதாக அந்த ஆய்வு கண்டது. தொடர்பு இருப்பதாலேயே காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது.

அதைத்தான் கேட்க வந்தேன். வங்கியால் நாடு வளர்ந்ததா, நாடு வளர்ந்ததால் வங்கி வளர்ந்ததா?

மலேசியாவில் 1997 முதல் 2005 வரையான காலத்தை ஆராய்ந்தவர்கள், குறுகிய காலத்தில் முதலீடு முந்திக்கொள்கிறது, வங்கி அதன் பின்னால் போகிறது என்றார்கள். நீண்ட காலத்தில் முதலீடும் வங்கியும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. வளைகுடாவிலும் எண்ணெய்ப் பணம் வந்த பிறகுதான் இந்த வங்கிகள் தலையெடுத்தன. துபாய் இஸ்லாமிய வங்கி தொடங்கியது 1975இல்.

வட்டி வாங்காத வங்கி எப்படிப் பிழைக்கிறது? பொருளை வாங்கி லாபம் வைத்து விற்கும் முராபஹா என்பது பெயர் மாற்றிய வட்டிதானே?

அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஒரு தையற்கூடத்துக்கு இயந்திரம் வேண்டும், விலை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அதைத் தானே வாங்கி, தன் லாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, ஒரு லட்சத்து பத்தாயிரத்துக்குத் தவணையில் விற்கும். கைமாறும்வரை இயந்திரத்துக்குச் சேதம் வந்தால் நட்டம் வங்கிக்குத்தான். தவணை தவறினாலும் பேசிய விலை ஏறாது. அபராதம் போட்டாலும் அது தர்மத்துக்குப் போகும், வங்கியின் வருமானத்தில் சேராது. பொருள் இல்லாமல் கடன் இல்லை என்பதால் பணம் உற்பத்தியோடு ஒட்டியே ஓடும்.

ஆனால் என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தையற்கூடம் நொடித்துப்போனாலும் வாங்கியவர் முழு விலையையும் கட்டியே ஆக வேண்டும். தொழிலின் லாபநட்டத்தில் வங்கியும் கூட்டாளியாகும் முஷாரகாவும் முழாரபாவும்தான் இந்த முறையின் உயிர். அடமானம் வைக்க எதுவுமில்லாத, நல்ல யோசனை மட்டும் உள்ளவருக்கு அங்கேதான் வழி பிறக்கும். நடைமுறையில் அவற்றின் பங்கு குறைவு. காரணங்கள் புரியாதவை அல்ல. கணக்கை மறைக்கும் கூட்டாளியைக் கண்காணிக்கச் செலவாகும். வைப்பாளர்கள் எப்போது கேட்டாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம், பல நாடுகளின் வரிச்சட்டம் வட்டியைச் செலவாகக் கழிக்க விடுகிறது, லாபப் பங்கைக் கழிக்க விடுவதில்லை. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் வங்கிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் வளர்ச்சியில் பெரிய மாற்றம் வராது என்பதே என் கருத்து.

2008 உலக நிதி நெருக்கடியில் இஸ்லாமிய வங்கிகள் தப்பித்தார்களே?

முதல் அடியில் தப்பித்தார்கள். திரும்பி வராத கடன்களை வைத்து உருவாக்கிய நச்சுப் பத்திரங்கள் அவர்களிடம் இல்லை. 2009இல் நெருக்கடி சொத்துச் சந்தைக்குப் பரவியபோது, சில நாடுகளில் மற்ற வங்கிகளைவிட அவர்களுடைய லாபம்தான் கூடுதலாகச் சரிந்தது. ஒரே துறையில் பணத்தைக் குவித்ததன் விளைவு.

சாமானிய மக்களுக்கு என்ன பலன்?

வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே வராதவர்களின் சேமிப்பு வெளியே வருவதுதான் பெரிய பலன். எகிப்தின் மித் கம்ரில் 1963இல் அகமது அல்-நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி அப்படி விவசாயிகளின் சிறு தொகைகளைத் திரட்டித்தான் சிறுதொழில்களுக்குக் கொடுத்தது.

முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள நாடுகளில் இது சாத்தியமா?

சாத்தியம்தான். பிரிட்டன் 2014இல் 20 கோடி பவுண்டுக்கு அரசு சுகூக் (வட்டிக்குப் பதில் ஒரு சொத்தின் வருமானத்தில் பங்கு தரும் பத்திரம்) வெளியிட்டது. அதற்கு முன்பே, 2003இல், வேறொரு முட்டுக்கட்டையை நீக்கியிருந்தது. வங்கி வீட்டை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்கும்போது ஒரே வீட்டுக்கு இரண்டு முறை முத்திரைத் தீர்வை விழுந்துகொண்டிருந்தது. அதை ஒன்றாக்கினார்கள். தொடங்க நினைக்கும் எந்த நாடும் முதலில் இந்த மாதிரி வரிச் சிக்கலைத்தான் பார்க்க வேண்டும்.