மூக்குத்திக்கும் ஒரு வழக்கு: உரிமைகளும் நீதிமன்றங்களும், வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன. பல மதமும் பல மொழியும் பல இனமும் சேர்ந்து வாழும் சமூகத்தில், நீதிமன்றத்தால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

கேள்வி: மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் எடுக்கும் முடிவை, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள் ரத்து செய்வது எந்த வகை ஜனநாயகம்?

பதில்: நூற்றுக்கு ஒருவராக இருக்கும் கூட்டம் எத்தனை தேர்தல் வந்தாலும் ஜெயிக்கப் போவதில்லை. அவர்களிடம் போய் 'அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது கேலி மாதிரிதான்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினர் கொடிக்கு வணக்கம் செலுத்துவதில்லை. அந்த மரியாதை கடவுளுக்கு மட்டுமே என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளிகள் அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1940-ல் சொன்னது. எட்டுப் பேர் ஒரு பக்கம், ஒரே ஒருவர் மறுபக்கம். அதற்கப்புறம் பல ஊர்களில் அவர்களைக் கும்பல்கள் தாக்கின. 1943-ல் அதே நீதிமன்றம், 6-க்கு 3 என்ற கணக்கில், தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தியாவிலும் அதே பிரிவைச் சேர்ந்த கேரளக் குழந்தைகள் மூவருக்கு 1985-ல் இதே சிக்கல் வந்தது. தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். ரொம்ப நாள் அது யாரையும் உறுத்தவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டு, சபையில் பேச்சாகி, கடைசியில் பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றம் பாட்டின் சொற்களைப் பார்த்துவிட்டு, 'இதில் எந்த மதத்தையும் புண்படுத்தும் சொல் இல்லையே' என்றது. 1986-ல் உச்ச நீதிமன்றம், கேட்க வேண்டிய கேள்வியே அதுவல்ல என்றது. அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது முக்கியமில்லை, அவர்கள் அதை மனதார நம்புகிறார்களா என்பதே முக்கியம். சரி, பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஒன்றுமில்லை. கையில் இருந்ததெல்லாம் கல்வித் துறையின் சுற்றறிக்கைகள்தான். குழந்தைகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

கேள்வி: விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே? ஆளுக்கொரு விலக்கு கொடுத்தால் ஒழுங்கு என்னாவது?

பதில்: இதற்கு எனக்குப் பிடித்த வழக்கு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் 2004-ல் பள்ளி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். பள்ளியில் நகை அணியத் தடை. காதில் சின்னத் தோடு மட்டும் போடலாம். 'புண் ஆறும் வரை இருக்கட்டும், அப்புறம் கழற்றிவிட வேண்டும்' என்றது பள்ளி. தாய் கடிதம் எழுதினார்: இது ஃபேஷன் இல்லை, எங்கள் குடும்ப மரபு, பதினாறு வயதானதும் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டுவிடுவார்.

பள்ளித் தரப்பு வாதத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. மூக்குத்தி இந்து மதத்தில் கட்டாயமில்லை, விருப்பம்தான் என்றார்கள். அரசியலமைப்பு நீதிமன்றம் 2007-ல் அங்கேதான் கையை வைத்தது. கட்டாயமான வழக்கத்துக்கு மட்டுமே பாதுகாப்பு என்றால், ஒருவர் தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் எதற்கும் பாதுகாப்பு இருக்காது. அடுத்து, விதி பார்வைக்கு நடுநிலையாக இருந்தாலும் அது பெரும்பான்மையினரின் பழக்கத்தை அளவாக வைத்துத் தைத்த சட்டை. தோடு அவர்களுக்குச் சகஜம், அதனால் அது விதிக்குள் இருக்கிறது. மூக்குத்தி சகஜமில்லை, அதனால் வெளியே. ஒரு மூக்குத்தியால் பள்ளி ஒழுங்கு குலைந்தது என்று காட்ட எதுவும் இல்லை. பெண் ஜெயித்தாள். என்ன, தீர்ப்பு வந்தபோது அவள் அந்தப் பள்ளியிலேயே இல்லை.

எல்லா நீதிமன்றமும் இப்படிச் சொல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தை முழுதாக மறைக்கும் ஆடைக்குப் பிரான்ஸ் விதித்த தடையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது. 'சேர்ந்து வாழ்தல்' என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அது எந்த அளவுக்கும் இழுபடும் காரணம் என்பது என் கருத்து. அன்று மாறுபட்ட இரண்டு நீதிபதிகளும் அதைத் தெளிவில்லாதது என்றுதான் எழுதினார்கள்.

கேள்வி: சிறுபான்மைச் சமூகத்துக்கு உள்ளேயே பெண்களுக்கு அநீதி நடந்தால்? மரபு என்று விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடக் கூடாது. ஆனால் எப்படித் தலையிடுவது என்பதில் நீதிபதிகளுக்குள்ளேயே சண்டை உண்டு. மறுபடி தென்னாப்பிரிக்கா. கேப் டவுன் பக்கம் ஒருவர் இறந்துபோனார், அவருக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். ஆப்பிரிக்க மரபுச் சட்டப்படி சொத்து ஆண் வாரிசுக்கே என்பதால் வீடு தாத்தாவுக்குப் போனது. இறுதிச் சடங்குச் செலவுக்காக அவர் அதை விற்கப் பார்த்தார், பிள்ளைகள் குடியிருந்த வீட்டை! 2004-ல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்து, பொதுவான வாரிசுச் சட்டத்தை வைத்தது. நீதிபதி ங்கோபோ மட்டும், மரபையே தூக்கி எறியாமல் பெண்ணும் வாரிசாகலாம் என்று அதைத் திருத்தியிருக்கலாமே என்று மாறுபட்டு எழுதினார். பெண்களுக்கு நீதியும் வேண்டும், மரபும் பிழைக்க வேண்டும் என்பவர்கள் இரண்டையும் படித்துப் பார்க்கலாம்.

கேள்வி: தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில்?

பதில்: தீர்ப்புக்குக் கால் கிடையாது, யாராவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-ல். மூன்று ஆண்டு கழித்து லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்குள் நுழைய, ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது.

கேள்வி: நீதிமன்றமே கைவிட்டால்?

பதில்: கைவிடுவது பல நேரம் சத்தமில்லாமல் நடக்கும். இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் 1956-ல் வந்தது. கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசு எழுத்தர் சிங்களத் தேர்வு எழுத மறுத்தார். 1962-ல் அவரது சம்பள உயர்வை நிறுத்தினார்கள். 1964-ல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாது என்ற அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவுப்படி அந்த மொழிச் சட்டமே செல்லாது என்றது. 1967-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. எப்படி? மொழியைத் தொடவே இல்லை. அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போட முடியாது, அவ்வளவுதான். 1969-ல் லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது அப்போது இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம், 'போடலாம்' என்று சொல்லி, மொழிக் கேள்வியை முடிவு செய்யத் திருப்பி அனுப்பியது. அது முடிவாகவே இல்லை. 1972-ல் வந்த புது அரசியலமைப்பில் அந்த 29-ஆம் பிரிவும் இல்லை.

அந்த வழக்கைத் தோற்றது என்றுகூடச் சொல்ல முடியாது. பதிலே கிடைக்கவில்லை.

கேள்வி: எனக்கும் இப்படி ஒரு குறை இருக்கிறது. வழக்குக்குப் போகுமுன் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். 'விதி அப்படித்தான்' என்று வாயால் சொன்னதை வைத்து ஒரு வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த விதி, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று கேளுங்கள். எழுதச் சொன்னதுமே பாதிப் பேர் இறங்கிவருவதையும் பார்த்திருக்கிறேன்.