புது டி-ஷர்ட் நாலு துவையலிலேயே உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டுகிறது. ஏன்? எப்படித் தடுப்பது?

முதலில் செலோடேப்பை ஒட்டி எடுத்துப் பாருங்கள். டேப்போடு வந்துவிட்டால் அது கூடத் துவைத்த டவல் உதிர்த்த பஞ்சு. டவலைத் தனியாகத் துவைத்தால் தீர்ந்தது. வராமல் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் பில்லிங், அதாவது துணியின் சொந்த இழையே உருண்டை கட்டுவது.

அந்த உருண்டையை ஊசி முனையால் லேசாகத் தூக்கினால், அடியில் சில இழைகள் துணிக்குள் வேர்விட்ட மாதிரி இறங்கியிருப்பது தெரியும். உராய்வில் நூலைவிட்டு வெளியே வந்த முனைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டதுதான் உருண்டை. சுத்தப் பருத்தியில் அந்த வேர் இழைகள் சீக்கிரம் அறுந்து, உருண்டை தானாக உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அறாது. பக்கத்தில் உள்ள பருத்தியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அக்குளிலும் பை மாட்டும் தோளிலும் முதலில் வருவது உராய்வால்தான்.

கோளாறு பெரும்பாலும் நூலில் இருக்கிறது. சிக்கு மட்டும் எடுத்து நூற்ற கார்டட் நூலில் குட்டை இழைகள் அப்படியே தங்கிவிடும். கோம்ப்டு நூலுக்கு அந்தக் குட்டை இழைகளை, மொத்தப் பஞ்சில் சுமார் 15 முதல் 18 சதவீதம் வரை, சீவிக் கழித்துவிடுவார்கள், விலை கூடுவதும் அதனால்தான். டி-ஷர்ட் பின்னும் பனியன் நூலுக்கு முறுக்கையும் அதிகம் ஏற்ற முடியாது. ஏற்றினால் துணி விறைக்கும், துவைத்ததும் பக்கத் தையல் திருகிக்கொண்டு முன்னால் வரும்.

இதற்குத் திருப்பூரில் செய்வது பயோ வாஷ். ஆசிட் செல்லுலேஸ் என்சைம் என்றால் பிஎச் 4.5 முதல் 5.5 வரை, 50 - 55 டிகிரி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பருத்தி முனைகளை அது அரித்து எடுத்துவிடும். முடிந்ததும் 80 டிகிரிக்குச் சூடேற்றியோ காரம் சேர்த்தோ என்சைமைக் கொல்லாமல் விட்டால் துணியையே தொடர்ந்து தின்னும். அளவாகச் செய்தாலும் 3 - 5 சதவீதம் எடை குறையும். பாலியஸ்டரை இது தொடக்கூடத் தொடாது. பாலி-காட்டனில் 'பயோ வாஷ்' என்று லேபிள் இருந்தால் பாதி நிம்மதிதான்.

கடையில் தொட்டதும் வழுக்கினால் மயங்காதீர்கள். அது சிலிக்கான் சாஃப்ட்னராக இருக்கலாம். இழைகள் வழுக்கி வெளியே வர அதுவே வழிசெய்யும். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கூடினால் பிசிறு வராது என்பதும் வெறும் பேச்சு. துணியின் வெளிப்பக்கத்தை வெளிப்பக்கத்தோடு வைத்து முப்பது தடவை தேய்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேராக மடிப்பு விளிம்பைப் பாருங்கள். முடி முடியாக எழும்பியிருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள்.

வீட்டில் உட்புறம் வெளியே திருப்பி, ஜீன்ஸோடு சேர்க்காமல், தண்ணீர் தாராளமாக விட்டு, ஜென்டில் மோடில் துவையுங்கள். டிரம்மை அடைத்தால் துணியோடு துணி அரைபடும். பவுடரை முழுதாகக் கரைத்துவிட்டே போடுங்கள். பிரஷ் வேண்டாம். வந்துவிட்ட உருண்டையைக் கையால் பிய்த்தால் உள்ளேயிருக்கும் இழையும் கூடவே வரும்; அடுத்த உருண்டைக்கு அதுதான் விதை. பிசிறை மழித்தெடுக்கும் ஃபேப்ரிக் ஷேவர் வாங்கி, துணியை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். 140 ஜிஎஸ்எம் மாதிரி மெல்லிய துணியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஓட்டை விழும். ஸ்வெட்டர், ஃப்ளீஸ் என்றால் அவ்வளவு பயமில்லை.