புளியமரத்தடி ஜூஸ் வண்டிக்கு சோலார் சரிவருமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ரோட்டோரம் மாம்பழ ஜூஸ் டிரெய்லர் போட்டிருக்கிறேன். 12 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) டியூபுலர் பேட்டரி, இன்வெர்ட்டர், 500 வாட்ஸ் மிக்ஸி, எல்இடி விளக்கு, சின்ன ஃபேன். மாம்பழ சீசனில்தான் வியாபாரம். மற்ற மாதங்களில் வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும். இரண்டு வருஷத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. ஒரு கடையில் 40 வாட்ஸ் பேனல் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் 335 வாட்ஸ் போடுங்கள், மானியமும் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: பேனல் வாங்குவது இருக்கட்டும். வண்டியை ஓரங்கட்டும்போது இன்வெர்ட்டரை ஆஃப் செய்கிறீர்களா? மிக்ஸியை மட்டும் நிறுத்திவிட்டு இன்வெர்ட்டரை அப்படியே விட்டால், அது சும்மா இருந்தே அரை ஆம்பியர் குடிக்கும். நாளொன்றுக்கு 12 ஏஹெச். எட்டு ஒன்பது நாளில் உங்கள் பேட்டரி காலி. காலியாகி மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும், அப்புறம் என்ன செய்தாலும் சார்ஜ் பிடிக்காது. இரண்டு பேட்டரியும் இப்படித்தான் போயிருக்கும் என்பது என் சந்தேகம். பிளஸ் வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள், செலவு அதிகமில்லை.

சுவிட்ச் போட்டபின் பேட்டரி தானாக இழப்பது நம் வெயிலில் மாதத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம். அதை ஈடுகட்ட 20 வாட்ஸே தாராளம். அதனால் சும்மா நிற்கும் மாதங்களுக்கு 40 வாட்ஸ் என்றவர் சொன்னது சரிதான்.

சீசன் கணக்கு வேறு. 80 டம்ளர், டம்ளருக்கு அரை நிமிஷம் மிக்ஸி என்று வைத்தால் 40 நிமிஷம். இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்து சுமார் 400 வாட்-ஹவர். விளக்கு, ஃபேனுக்கு 100. ஆக 500. உங்கள் பேட்டரியில் இருப்பது 1200 (12 வோல்ட் × 100 ஏஹெச்). அதில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 100 வாட்ஸ் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 வாட்-ஹவர்தான் தரும், அது பற்றாது. என் யோசனை: 100 வாட்ஸ், 12 வோல்ட் பேனல் இரண்டை பேரலலாகப் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டு, 20 ஆம்பியர் சார்ஜ் கண்ட்ரோலர் (பேனல் கரண்டைப் பேட்டரிக்கு அளவாக விடும் பெட்டி) வைத்துக்கொள்ளுங்கள்.

335 வாட்ஸ் பேனலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது சுமார் 38 வோல்ட்டில் வேலை செய்வது. விலை குறைந்த பிடபிள்யூஎம் கண்ட்ரோலரில் மாட்டினால் பேட்டரி வோல்ட்டேஜுக்கு இறங்கிவிடும். 335க்குக் காசு கொடுத்து 120 வாட்ஸ் வாங்கிய கதையாகும். கூடுதல் வோல்ட்டேஜைக் கரண்டாக மாற்றித் தரும் எம்பிபிடி கண்ட்ரோலர் போட்டால்தான் முழுப் பலன், ஆனால் விலை கூடுதல். மானியம் என்பது சும்மா பேச்சு. பிரதமரின் சூர்ய கர் திட்டம் மின்வாரிய இணைப்புள்ள வீட்டுக் கூரைக்குத்தான். டிரெய்லருக்குக் கிடையாது.

இனி பெரிய சிக்கல். வாடிக்கையாளர் புளியமர நிழல் தேடித்தான் உங்களிடம் வருகிறார், பேனலுக்கோ வெயில் வேண்டும். ஒரு கிளை நிழல் விழுந்தாலே கரண்ட் சரேலென்று இறங்கும். எனவே பேனலைக் கூரையில் ஆணியடித்து விடாதீர்கள். மடக்கு ஸ்டாண்டில் வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் வயரில் ஐந்து மீட்டர் தள்ளி வெயிலில் நிறுத்துங்கள். நம் ஊருக்குத் தெற்கு நோக்கி லேசான சாய்வு போதும். இரவில் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், இதைச் சொல்ல வேண்டுமா!

மாட்டும்போது கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது தலைகீழ். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கட்டும். மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் பாருங்கள். காலையில் வெயில் ஏறும் முன் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

கேள்வி: தருமபுரியில் 100 வாட்ஸ் என்று சொல்லி ஒரு பேனல் கொடுத்தார்கள். மீட்டரில் 21 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறது. பில் தரவில்லை, பணம் யுபிஐயில் கொடுத்தேன்.

பதில்: 21 வோல்ட்டை 20 வாட்ஸ் பேனல்கூடக் காட்டும். நல்ல உச்சி வெயிலில் பேனலை சூரியனுக்கு நேராகத் திருப்பி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, பேனலின் இரு வயரையும் அதில் தொட்டுப் பாருங்கள். (பேட்டரியில் இப்படிச் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.) 100 வாட்ஸ் என்றால் 6 ஆம்பியரை ஒட்டி வரும். மூன்று வந்தால் உங்களுக்கு ஐம்பது வாட்ஸைத்தான் விற்றிருக்கிறார்கள். பின்பக்க ஸ்டிக்கரில் வாட்ஸ், சீரியல் எண், ஐஎஸ் 14286 (பேனலுக்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்கிறதா பாருங்கள். மீட்டர் எண் தெரியும்படி போட்டோ எடுத்து, யுபிஐ ரசீதோடு கடைக்குப் போய் பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், 12 போட்டால் விடாதீர்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.