மன்னிக்கச் சொல்லி நம்மகிட்ட யாரு கேட்டா?

அன்புள்ள அண்ணா,

எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் வாட்ஸ்அப்ல பெரிய சண்டை. பாக்ஸர் மைக் டைசன் 1992ல ரேப் கேஸ்ல தண்டனை வாங்கி மூணு வருஷம் உள்ள இருந்துட்டு 1995ல வெளிய வந்தாரு, இப்ப படத்துல காமெடி பண்றாரு, நாமளும் சிரிக்கிறோம், ஜெயில் முடிஞ்சா கணக்கு முடிஞ்சதுதானே, இன்னும் எத்தனை வருஷம் குத்திக்காட்டுவாங்கன்னு நான் கேட்டேன். அவன் "ஸ்டார்னா உங்களுக்கு எல்லாமே ஓகே"ங்கிறான். பிரபலங்களோட பழைய குற்றத்த மக்கள் மன்னிக்கணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க.

ஒரு வாசகன் (பேர் போட வேண்டாம் அண்ணா)

தம்பி,

டைசன் உள்ள இருந்தது நெஜம். ஆனா அந்தக் குத்தத்த நான் செய்யவே இல்லன்னுதான் அவரு அன்னைலேர்ந்து சொல்லிட்டு வர்றாரு. செய்யலங்கிற ஆள நீ எதுக்குப்பா மன்னிக்கிற, அவரு உன்கிட்ட கேக்கவே இல்லையே. நமக்கு அவரப் பாத்தா சிரிப்பு வருது, சிரிக்கும்போது பழசு ஞாபகம் வந்தா சங்கடமா இருக்கு, அதனால மன்னிச்சுட்டோம்னு நாமளே நமக்கு ஒரு சர்டிஃபிகேட் எழுதிக்கிறோம், அவ்ளோதான்.

ஹாலிவுட் நடிகர் மார்க் வால்பெர்க் கதை தெரியுமா? பாஸ்டன்ல 1986ல கூட்டாளிங்களோட சேர்ந்து கறுப்பினக் குழந்தைங்கள விரட்டி விரட்டிக் கல்லெறிஞ்சாரு. ரெண்டு வருஷம் கழிச்சு, 16 வயசுல, ரோட்டுல போன ஒரு வியட்நாம்காரர கட்டையால அடிச்சாரு, அதே ராத்திரி இன்னொரு வியட்நாம்காரர் கண்ணுல கையால ஒரு குத்து விட்டாரு. ஜெயில்ல இருந்தது 45 நாள். அப்புறம் பெரிய ஸ்டார் ஆகி, 2014ல என் ரெக்கார்ட துடைச்சுக் குடுங்க, மன்னிப்பு வேணும்னு அரசாங்கத்துக்கு மனு போட்டாரு. அதுல திருந்திட்டேன், தான தர்மம் பண்றேன்னு எல்லாம் இருந்துச்சு, கூடவே பழைய கேஸால ரெஸ்டாரண்ட் பிசினஸுக்கு லைசென்ஸ் வாங்குறதுல சிக்கல் வரலாம்ங்கிறதும் இருந்துச்சு!

பத்திரிகைக்காரங்க பாதிக்கப்பட்டவங்களத் தேடிப் போனாங்க. குத்து வாங்குன வியட்நாம்காரரு நான் மன்னிச்சுட்டேன், குடுக்கலாம்னாரு. கல்லெறிஞ்சப்போ நாலாங்கிளாஸ் படிச்சுட்டிருந்த ஒரு பொண்ணு, இப்ப பெரியவங்க, கூடவே கூடாதுன்னுட்டாங்க. இப்ப இதுல யாரு சரி, யாரு தப்பு? ரெண்டு பேருமே சரிதான். அவங்கவங்க வலி, அவங்கவங்க முடிவு. நடுவுல டிக்கெட் வாங்கிப் படம் பாத்த நீயும் நானும் அதுல ஓட்டுப் போட முடியாது. கடைசில 2016ல அவரே தொடராததால அந்த மனுவ மூடிட்டாங்க, மனு போட்டிருக்கவே வேணாம்னு அவரே சொன்னாரு, அந்த வியட்நாம்காரர நேர்ல பாத்து மன்னிப்புக் கேட்டதாவும் சொன்னாரு. மொதல்ல போயிருக்க வேண்டிய வீடு அதுதானே.

சரி, பாதிக்கப்பட்டவங்களே மன்னிச்சுட்டா விஷயம் முடிஞ்சுதான்னு அடுத்து கேப்ப. அங்கதான் ஹாலிவுட் டைரக்டர் ரோமன் போலான்ஸ்கி வர்றாரு. 1977ல, 13 வயசுப் பொண்ணுகிட்ட பாலியல் குற்றம். கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கிட்டு, தண்டனை சொல்றதுக்குள்ள 1978ல நாட்டவிட்டே ஓடிட்டாரு. அந்தப் பொண்ணு வளந்து, நான் இதத் தாண்டி வந்துட்டேன், கேஸ முடிச்சு விடுங்கன்னு அவங்களே கோர்ட்ல கேட்டுட்டாங்க. அது அவங்க உரிமை, ஏன்னு கேக்க நமக்கு வாயில்ல. ஆனா கோர்ட்டுக்கு டிமிக்கி குடுத்துட்டு ஓடுனது அவங்களுக்கு மட்டும் செஞ்ச தப்பில்லையே, அத அவங்க எப்படித் தள்ளுபடி பண்ண முடியும். கூத்து என்னன்னா 2003ல அவருக்கு சிறந்த இயக்குநர்னு ஆஸ்கர் குடுத்தாங்க, ஆளே வரல, வந்தா அரெஸ்ட், ஆனாலும் அரங்கத்துல எழுந்து நின்னு கைதட்டுனாங்க. ஆஸ்கர் குடுக்குற அதே அகாடமி 2018ல அவர வெளிய தள்ளுச்சு. நடுவுல 15 வருஷம். 1977 கேஸ் 2003லயும் உலகத்துக்கே தெரிஞ்சதுதான், மாறுனது காத்தடிக்கிற பக்கம் மட்டும்தான்.

அயர்ன் மேன் நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியர இதுல சேக்காத, அது போதை கேஸ், பெரும்பாலும் தன்னையே அழிச்சுக்கிட்டது, 2015ல கலிஃபோர்னியா கவர்னரே மன்னிப்புக் குடுத்துட்டாரு.

நம்ம கைல நெஜமாவே இருக்கிறது காசும் கைதட்டலும்தான். தண்டனைய முடிச்சுட்டு வந்தவரு வேலை பாக்கட்டும், சம்பாதிக்கட்டும், அதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. சஞ்சய் தத் ஆயுதச் சட்டத்துல அஞ்சு வருஷத் தண்டனை வாங்கி 2016ல வெளிய வந்தாரு, நடிக்கிறாரு, நானும் பாக்குறேன். ஆனா பாடகர் கிறிஸ் பிரவுன் 2009ல தன் காதலி, பாடகி ரிஹானாவ அந்த அடி அடிச்சுட்டு, கோர்ட் போட்ட அஞ்சு வருஷக் கண்காணிப்பு முடியறதுக்கு முன்னாடியே 2012ல கிராமி மேடைல பாடி விருதும் வாங்கிட்டுப் போனாரு பாரு, அங்கதான் எனக்கு ஒட்டல. வேலை குடுக்குறது வேற, மால போடுறது வேற தம்பி.

உன்னோட "ஜெயில் முடிஞ்சா முடிஞ்சது" எனக்கும் புடிச்ச வாதம்தான், அத ஸ்டாருங்களோட நிறுத்திக்காத. அதே மாதிரி கேஸ்ல அதே வருஷம் உள்ள இருந்துட்டு வந்த ஒரு லாரி டிரைவருக்கு உன் கம்பெனில வேலை போட்டுக் குடுப்பியா, மாடி போர்ஷன வாடகைக்கு விடுவியா? யோசிக்காம ஆமான்னு சொன்னீன்னா டைசன் விஷயத்துல உன் பக்கம் பேச நான் ரெடி.