தட்டானும் ஸ்லோ பாலும்

அன்புள்ள சார்,

அம்பத்தூரில் இருக்கிறேன். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வயது நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு சோமசுந்தரம் மைதானத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனஸ் பணத்தில் கேமரா வாங்கினேன். கூடவே ஒரு 55-250 லென்ஸ். சனிக்கிழமை பூங்கா, ஞாயிறு ஏதாவது ஒரு மேட்ச். செம்மொழிப் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அண்ணா நகர் டவர் பார்க், நாகேஸ்வர ராவ் பூங்கா எல்லாம் ஒரு சுற்று முடித்துவிட்டேன். எழும்பூர் ஹாக்கி ஸ்டேடியத்துக்கும் போயிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் பதினாலாயிரம் படம் இருக்கிறது. பிடித்த படம் என்று பத்து தேறாது. பூவெல்லாம் மளிகைக்கடை காலண்டர் மாதிரி இருக்கிறது. கிரிக்கெட் படங்களில் பந்தே இல்லை.

தூரத்தில் இருப்பதை இன்னும் கிட்டே காட்டுகிற அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். இ.எம்.ஐ. போட்டால் முடியும். வீட்டில் கேட்பது, "இதெல்லாம் வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" போன மாதம் ஒரு பூங்காவில் செம்பருத்தியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து, "எம் பொண்ண எதுக்கு எடுக்கறீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டார். குழந்தை படத்தின் ஓரத்தில் இருந்தது உண்மைதான். கூட்டம் கூடிவிட்டது. அன்றிலிருந்து கேமராவைத் தொடவில்லை.

லென்ஸ் வாங்கலாமா? இந்த அலைச்சலில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

ஒரு மாதமாகக் கேமராவைத் தொடவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, பையில் மூடிக் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். என்னுடைய பழைய 50 மி.மீ. அப்படித்தான் போனது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசி டப்பாவுக்குள் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நீங்கள் கேட்காத கேள்விதான், ஆனால் இதுதான் அவசரம்.

அந்த அம்மா விஷயத்தில் நான் அவர் பக்கம். பொது இடம், சட்டம் என்றெல்லாம் பேச ஆரம்பித்தால் பேசலாம். பேசி ஜெயித்தாலும் அந்தப் பூங்காவுக்கு அப்புறம் நீங்கள் நிம்மதியாகப் போக முடியாது. கேமராவைத் திருப்பிக் காட்டி, அந்தப் படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். இரண்டு நொடி வேலை. பெரிய லென்ஸை நீட்டிக்கொண்டு தனியாகத் திரிகிற நடுத்தர வயது ஆண் ஒரு தாயின் கண்ணுக்கு எப்படித் தெரிவான் என்று நாமும் யோசிக்க வேண்டும். எனக்கும் இது இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு முறையும் நடந்துகொண்டே எடுத்தபோதுதான் நடந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அரை மணியில் நம்மையும் அந்த பெஞ்சோடு சேர்த்துவிடுவார்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடத்துக்கு வருகிறேன். "எல்லாம் ஒரு சுற்று முடித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பூங்காக்கள் என்ன நவக்கிரகத் தலங்களா, ஒன்று விடாமல் போய்விட்டு வந்து கணக்கு முடிக்க? ஒரு பூங்காவுக்குள் நீங்கள் எப்படி நடந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நடந்தவன். வாசலில் ஆரம்பித்து வலது பக்கமாகச் சுற்றி, கண்ணில் பட்ட பூவுக்கெல்லாம் தலைக்கு நாலு படம் எடுத்து, மறுபடி வாசலுக்கு வந்தால் இருநூறு படம். எல்லாம் நின்ற உயரத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தவை. காலண்டர் மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

எனக்கு இது புரிந்தது செம்மொழிப் பூங்காவின் குளத்தங்கரையில், ஒரு செருப்பு அறுந்ததால். அந்த இடம் பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2010-ல் பூங்காவாகத் திறந்தார்கள். நடக்க முடியாமல் குளத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். தண்ணீருக்கு மேலே ஒரு காய்ந்த தாமரைத் தண்டு, முனை ஒடிந்து நின்றது. அதில் ஒரு சிவப்புத் தட்டான். கேமராவை எடுப்பதற்குள் பறந்துவிட்டது. சனியன் என்று திட்டிவிட்டுப் பார்த்தால், ஒரு வட்டம் அடித்து அதே தண்டில் வந்து உட்கார்ந்தது. மறுபடி பறந்தது, மறுபடி வந்தது. எண்ண ஆரம்பித்தேன். இருபத்து மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தண்டுக்கு வரும்போது ஒரு சாண் தூரத்தில் அந்தரத்தில் ஒரு கணம் நின்று, அப்புறம்தான் கால் வைக்கிறது. பத்தாவது முறைக்கு மேல் நான் தட்டானைத் துரத்தவில்லை. தண்டுக்கு ஒரு சாண் முன்னால் ஃபோகஸை நிறுத்திவிட்டு, அது வரட்டும் என்று இருந்தேன்.

இரை பிடிக்கிற பல தட்டான்கள் இப்படித்தான். ஒரு குச்சியைத் தனதாக்கிக்கொண்டு, போய்ப் போய்த் திரும்பும். எல்லாத் தட்டானும் அப்படி இல்லை. மழைக்கு முன்னால் மைதானத்துக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் பறக்கிற மஞ்சள் தட்டான் லேசில் உட்காராது, அதன் பின்னால் போனால் கழுத்து வலிதான் மிச்சம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் ரோஜாப் பாத்தியை விட்டுவிட்டு, ஓரத்தில் எவரும் தண்ணீர் ஊற்றாத எருக்கஞ்செடிக்குப் போங்கள். முட்டையிட அது எருக்கைத் தேடித்தான் வரும். தோட்டக்காரர் பிடுங்குவதற்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

இதையே மைதானத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் படங்களில் ஏன் பந்து இல்லை? கண் ஒன்றைப் பார்த்து, விரல் அதற்கு அழுத்துவதற்குக் கிட்டத்தட்டக் கால் நொடி ஆகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் டென்னிஸ் பால் அந்தக் கால் நொடியில் ஆறு மீட்டர் போய்விடும். மட்டையில் பந்து பட்டதைப் பார்த்து அழுத்தினால் உங்களுக்குக் கிடைப்பது, பந்து போன திசையை வாயைப் பிளந்து பார்க்கும் பேட்ஸ்மேன். இதை எந்த லென்ஸும் சரி செய்யாது. ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு வைத்தால் பந்து அவ்வளவாக மங்காமல் படத்தில் விழும், அது வேறு விஷயம். முன்கூட்டியே அழுத்த வேண்டும். அதற்கு அடுத்தது என்ன என்று தெரிய வேண்டும். அதற்கு அந்த ஆட்டக்காரனைப் பத்து ஓவராவது சும்மா பார்த்திருக்க வேண்டும்.

சேப்பாக்கத்துக்கு ஐ.பி.எல். பார்க்கப் போகிறவர்கள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் நமக்கு நஷ்டம் இல்லை. தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிறு காலை ஒரே நேரத்தில் எத்தனை மேட்ச் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், தப்பாகத்தான் எண்ணுவீர்கள். ஒரு மேட்சின் லாங் ஆன் இன்னொரு மேட்சின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பான். எவன் அடித்த பந்தை எவன் துரத்துகிறான் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். நான் போன புதிதில் "அங்கிள், தள்ளுங்க" என்று கத்தினார்கள். இப்போது ரன் அவுட் தகராறு வந்தால் நேராக என்னிடம் வருகிறார்கள். "அங்கிள், போட்டோல இருக்கா?" இருந்தாலும் கார்டு ஃபுல் என்று சொல்லிவிடுவேன். ஒருவன் மாங்கா அடிக்கிறானா, அதாவது கையை மடக்கிப் பந்தை எறிகிறானா இல்லையா என்பதற்கு ஒருமுறை படத்தைக் காட்டப்போய், இரண்டு டீமும் என்னோடு சண்டைக்கு வந்தன.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. யூடியூபில் ஐரோப்பியக்காரர்கள் சொல்கிற பொன் வெளிச்சமெல்லாம் இங்கே அவ்வளவு நேரம் நிற்காது. சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். சூரியன் சாய்வாக ஊர்ந்து வராமல் ஏணி போட்ட மாதிரி நேராக ஏறும், மணிக்குப் பதினாலு டிகிரி. விடிந்து ஒரு மணி நேரம், அதோடு சரி. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வேளையில் உங்கள் நிழல் உங்கள் காலுக்கடியில் கிடக்கும். தொப்பி போட்டவன் முகம் கரிச்சட்டி. ஆனால் மண் மைதானத்தில் ஒரு வசதி உண்டு. காலை ஏழரை எட்டுக்கு வெயில் தரையில் பட்டுக் கீழிருந்து முகத்துக்கு ஏறும், தொப்பிக்கு அடியில் கண் தெரியும். புல்தரையில் இது இவ்வளவு கிடைக்காது. எழும்பூரில் ஹாக்கிக்குப் போனால், ஆட்டத்துக்கு முன்னால் டர்ஃபில் தண்ணீர் அடிப்பார்கள். அது காய்வதற்குள் எடுத்துவிடுங்கள். ஸ்டிக் பட்டதும் பந்தோடு ஒரு கைப்பிடி தண்ணீரும் கிளம்பும். விளக்கு வெளிச்சத்தை எதிரே வைத்து எடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

லென்ஸ் கணக்கு. உங்களுடையது சிறிய சென்சார் கேமராவாகத்தான் இருக்க வேண்டும். அதில் 250 மி.மீ. வைத்து, கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்தால், ஐம்பது மீட்டர் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் உயரம் கிட்டத்தட்ட நாலரை மீட்டர் வரும். பேட்ஸ்மேன் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அது போதும். போதாவிட்டால் பத்து தப்படி முன்னால் போங்கள், சேப்பாக்கத்தில் விடமாட்டார்கள், இங்கே விடுவார்கள். அறுநூறு வேண்டுமென்றால் வாடகைக்கு எடுத்து ஒரு சனி, ஞாயிறு தூக்கிப் பாருங்கள். தோள்பட்டை பதில் சொல்லிவிடும். கணக்குப் பிரிவு ஆளுக்கு இ.எம்.ஐ. பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது.

கருவியைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு மா. கிருஷ்ணன் நினைவு வந்துவிடும். அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர், மயிலாப்பூரில் இருந்தார். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வேறு வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய ஒரு கனத்த பெட்டி அவருடையது. அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று ஒரு பெயர் வேறு. யானையை எடுத்த அதே மனிதர் ஊருக்குள் இருக்கிற காக்கையையும் அணிலையும் பற்றி அதே கவனத்தோடு எழுதினார். 1950-ல் தொடங்கிய பத்திரிகைப் பத்தியை 1996-ல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. நாற்பத்தாறு வருஷம். அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டியின் கனம்தான் முதலில் தோன்றும். அதைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் ஓடியிருக்க வாய்ப்பே இல்லை.

பதினாலாயிரம் படத்தை அழிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பந்து இல்லாததை அழியுங்கள். பூங்காப் படங்களில் கை வைக்காதீர்கள், தேதியோடு வையுங்கள். நான் வழக்கமாகப் போகும் பூங்காவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதை நான் ஒரு நாளும் எடுத்ததில்லை, அதன் நிழலில் உட்கார்ந்து மற்றதை எடுத்தேன். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் விழுந்துவிட்டது. அப்புறம் தேடினால், அணில், தேன்சிட்டு, செஸ் ஆடும் தாத்தாக்கள் என்று பதினோரு படங்களின் பின்னால் துண்டு துண்டாக அந்த மரம் நிற்கிறது. ஒன்றில் அடிமரம், ஒன்றில் ஒரு கிளை. முழுசாக ஒன்றுமில்லை.

வீட்டில் கேட்கிற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. கல்யாண போட்டோகிராபராக வேண்டாம் என்று மட்டும் சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வேண்டுமானால் இதைச் சொல்கிறேன். சோமசுந்தரத்தில் ஒரு பவுலர், இருபத்தெட்டு வயது இருக்கும். நல்ல வேகம். நடுவில் ஒரு ஸ்லோ பால் போடுவான், யாருக்கும் பிடிபடாது. ஐந்தாறு வாரம் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது. ஸ்லோ பால் என்றால் மட்டும், ஓடத் தொடங்குமுன் பந்தை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையைப் பின் பாக்கெட்டில் ஒருமுறை துடைப்பான். கூடவே உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. எதிர் டீம் கேப்டன் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்கிள், நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்களே, எப்படிப் போடறான்?" என்றான். நான் பூ எடுக்க வந்தவன் என்று சொல்லிவிட்டேன். விக்கெட் விழும் படம் எனக்கு எத்தனையோ இருக்கிறது. அந்தத் துடைப்பைத்தான் மூன்று ஞாயிறு காத்திருந்து எடுத்தேன். பிரிண்ட் போட்டு அவனிடமே கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தான். "அங்கிள், அந்தப் போட்டோல பந்தை மட்டும் எடுத்துட்டுத் தர முடியுமா?"

எதுக்குப்பா என்றேன்.

"வீட்ல பொண்ணு பாக்கறாங்க. அம்மாவுக்கு இந்த போட்டோல சிரிப்பு புடிச்சிருக்கு. ஆனா பந்தோட குடுத்தா வேலைவெட்டி இல்லாதவன்னு நெனச்சிடுவாங்களாம்."

மார்புக்கு மேலே வெட்டிக் கொடுத்தேன். போன தை மாதம் பத்திரிகை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை இப்போது ஒன்பது மணிக்கு மேல்தான் வருகிறான், அதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது.