ரூட்டர் வேகத்தைக் குறைப்பது எப்படி? வன்னிப் பட்டறைகளின் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சியில் மோட்டர் வைண்டிங் செய்கிறேன். தண்ணீர் பம்ப், கிரைண்டர், மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் என்று எல்லாம் கைக்கு வரும். வீட்டுக் கொட்டிலில் நானே கட்டிய சி.என்.சி. (கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் ரூட்டரை நகர்த்தி வெட்டும்) மெசின் ஒன்றில் கதவுப் பலகைக்குப் பூ வெட்டுகிறேன். ரூட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவை வந்த ஒழுங்கிலேயே கீழே இருக்கின்றன. டிசைன் வரைவது என் துறை இல்லை, அந்தக் கேள்விகளை விட்டுவிட்டேன்.

கேள்வி (மாங்குளம்): அண்ணை, மகிட்டா 3709 ரூட்டர் பூட்டியிருக்கிறேன். 530 வாட். வேகம் 30,000, குறைக்கக் குமிழ் எதுவும் இல்லை. தேக்கில் வெட்டினால் பள்ளம் கருகுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் மெசின் நிமிடத்துக்கு 1,200 மி.மீ. நகர்கிறது என்று வையுங்கள். இரண்டு வாய் (வெட்டும் விளிம்பு) உள்ள பிட் (ரூட்டரில் பூட்டும் வெட்டுக் கருவி) நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓடினால் ஒரு வாய்க்குக் கிடைக்கும் மரம் 0.02 மி.மீ. தான். அது வெட்டு இல்லை, தேய்ப்பு. தேய்த்தால் சூடேறும், மரம் கருகும், பிட்டும் மழுங்கும். அதே நகர்வில் 12,000 சுற்றுக்கு இறக்குங்கள், ஒரு வாய்க்கு 0.05 மி.மீ. கிடைக்கும். பள்ளத்தில் இருப்பதை விரலால் கிள்ளிப் பாருங்கள். மாவாக இருந்தால் இன்னும் தேய்க்கிறது. உமி போலத் தனித்தனியாக வந்தால் வெட்டுகிறது.

வேகத்தைக் குறைக்காமல் நகர்வைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். 30,000 சுற்றில் 0.05 வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. ஓட வேண்டும். திருகுக் கம்பியில் ஓடும் வீட்டு மெசின் அதற்கு முன்பே ஸ்டெப் தவறவிடும், அதாவது சொன்ன தூரம் நகராமல் இடம் பிசகும்.

இனி மோட்டருக்கு வருவோம். உள்ளே இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டர். கிடைக்கும் வோல்டேஜ் குறைந்தால் அதன் வேகமும் குறையும். நம்முடைய 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ஓர் அரை அலை 10 மில்லி செக்கன். வோல்டேஜைக் குறைக்க, குமிழ் உள்ள ட்ரையாக் வேகப் பெட்டி ஒன்றை ரூட்டருக்கு முன்னால் போட வேண்டும். ட்ரையாக் என்பது ஒரு மின் கதவு, திறந்தால் கரண்ட் போகும். அது ஒவ்வோர் அரை அலையிலும் முன்பகுதியை அடைத்து வைத்துவிட்டுப் பின்பகுதியை மட்டும் மோட்டருக்கு விடுகிறது. குமிழைத் திருப்பும்போது, எப்போது திறப்பது என்பதைத்தான் மாற்றுகிறீர்கள்.

உங்கள் ரூட்டர் ஓடும்போது எடுப்பது 2.3 அம்பியர் அளவு. புறப்படும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே 4 அம்பியர் ட்ரையாக்கை நம்ப வேண்டாம். பி.டி.ஏ. 41 போன்ற பெரியதைப் பெரிய அலுமினியத் தகட்டில் பூட்டுங்கள். பி.டி.ஏ. வகையின் உலோக முதுகு உள்ளேயே காப்பிடப்பட்டது. பி.டி. 136, 139 வகைகளின் முதுகில் மெயின் கரண்ட் இருக்கும், தகட்டைத் தொட்டால் அடிக்கும். ஓர் எழுத்து வித்தியாசம்தான், கடையில் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். ட்ரையாக்குக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கபாசிட்டரும் தொடராக இருக்க வேண்டும். மோட்டர் போன்ற சுருள் சுமையில் ட்ரையாக் ஒழுங்காக மூடுவதற்கு அது உதவும்.

10,000 சுற்றுக்குக் கீழே அதிக நேரம் ஓட்டாதீர்கள். குளிர்விக்கும் விசிறி அதே அச்சில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறைந்து சுருள் வெந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப் போகிறேன். பிட் மாற்றுவதற்கு முதல் பிளக்கைக் கழற்றுங்கள்.

கேள்வி (முள்ளியவளை): சீலிங் ஃபேன் ரெகுலேட்டரே போதாதா? இரண்டும் ஒரே வேலைதானே?

பதில்: தத்துவம் ஒன்றுதான், அளவு வேறு. சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். அதற்குச் செய்த பெட்டியில் 530 வாட் ரூட்டரைப் போடுகிறீர்கள். போன மாதம் ஒருவர் அப்படி எரிந்த ஒன்றைக் கொண்டு வந்தார். மூடியைத் திறந்தேன். ட்ரையாக்கின் மூன்று கால்களும் நீலம் பாரித்து, ஈயம் உருகி வழிந்து, குமிழின் பிளாஸ்டிக் அப்பளம் போலப் பொங்கியிருந்தது. பக்கத்தில் மரத்தூள் குவியல் இருக்கும் இடத்தில் இது நடந்தால் கொட்டில் எரியும். வேண்டாம்.

கேள்வி (பரந்தன்): என்னுடையது குமிழ் உள்ள மகிட்டா ஆர்.டி. 0700. வெளியே இன்னொரு கட்டுப்பாடு போட்டால் இன்னும் குறைக்கலாமா?

பதில்: கூடாது. அதனுள் ஏற்கெனவே எலக்ட்ரோனிக் கட்டுப்பாடு இருக்கிறது. வெட்டுப்பட்ட அலையை அதற்குக் கொடுத்தால் திக்கித் திக்கி ஓடும், உள் சர்க்கிட்டும் பழுதாகும். 10,000 முதல் 30,000 வரை குமிழிலேயே இருக்கிறதே, மரவேலைக்கு அது தாராளம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): வி.எஃப்.டி. வாங்கி ரூட்டருக்குக் கொடுக்கலாமா அண்ணா?

பதில்: வி.எஃப்.டி. என்பது கரண்டின் ஹேர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் பெட்டி. அது மூன்று பேஸ் ஸ்பிண்டிலுக்கு (ரூட்டருக்குப் பதில் பூட்டும் பிரஷ் இல்லாத மோட்டர்) உரியது. 400 ஹேர்ட்ஸ் கொடுத்தால் அந்த ஸ்பிண்டில் 24,000 சுற்று ஓடும். பிரஷ் மோட்டரின் வேகத்தை ஹேர்ட்ஸ் தீர்மானிப்பதில்லை. ரூட்டருக்கு அது பொருந்தாது.

கேள்வி (துணுக்காய்): ஃபேன் ரெகுலேட்டர் இரண்டைச் சமாந்தரமாகப் போட்டால்?

பதில்: இரண்டும் ஒரே கணத்தில் திறக்காது. முதலில் திறப்பது முழுச் சுமையையும் எடுத்து எரியும். முள்ளியவளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (வவுனியா): ஜி.ஆர்.பி.எல். ஓடும் ஆர்டுயினோ ஊனோ வைத்திருக்கிறேன். எம்3 எஸ்12000 என்று கோடில் எழுதினால் ரூட்டர் தானாக அந்த வேகத்துக்கு வர வேண்டும்.

பதில்: நல்ல கேள்வி, செய்யலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆர்டுயினோ ஊனோ ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகை, ஜி.ஆர்.பி.எல். அதில் ஓடி மெசினை நகர்த்தும் மென்பொருள். எம்3 எஸ்12000 என்றால் ரூட்டரை 12,000 இல் ஓட்டு, எம்5 என்றால் நிறுத்து. ஜி.ஆர்.பி.எல். 1.1 இல் வேகத்துக்கான பல்ஸ் 11 ஆம் பின்னில் வரும். டொலர் 30 என்ற செட்டிங்கில் அதிகூடிய வேகத்தையும் டொலர் 31 இல் குறைந்த வேகத்தையும் போடுங்கள். டொலர் 32 பூச்சியமாக இருக்கட்டும், அது லேசருக்கானது.

அந்தப் பல்ஸை நேராக ட்ரையாக்குக்குக் கொடுக்க முடியாது, மெயின் அலையோடு அது ஒத்துப்போகாது. நடுவில் ஒரு ஆர்டுயினோ நானோ வையுங்கள். அலை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தை ஓர் ஒப்டோகப்ளர் (மெயின் கரண்டை ஒட்டவிடாமல் ஒளியால் செய்தி கடத்தும் ஐ.சி.) நானோவுக்குச் சொல்லும். நானோ 1 முதல் 9 மில்லி செக்கன் வரை பொறுத்து ட்ரையாக்கைத் திறக்கும். திறக்கும் ஒப்டோ எம்.ஓ.சி. 3021 ஆக இருக்க வேண்டும். 3041 வாங்கினால் அது பூச்சியத்தில் மட்டும்தான் திறக்கும், வேகம் குறையவே குறையாது. ஊனோவிலேயே இந்த வேலையையும் சேர்த்துச் செய்யப் பார்க்காதீர்கள், ஸ்டெப் பல்ஸ் குழம்பும்.

இன்னொன்று, எம்5 கொடுத்து ரூட்டர் நின்றுவிட்டது என்பதற்காகக் கையை உள்ளே விடக்கூடாது. அது கம்ப்யூட்டர் சொன்ன சொல் மட்டும். பிளக்கைக் கழற்றுங்கள்.

கேள்வி (மல்லாவி): ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்று என்கிறீர்கள். குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினால் போதாதா?

பதில்: போதாது, காரணத்தையும் சொல்கிறேன். ட்ரையாக் பழுதானால் பெரும்பாலும் திறந்தபடியே பழுதாகும். அதாவது மோட்டர் முழு வேகத்தில் ஓடும், குமிழ் எங்கே இருந்தாலும் சரி.

எனக்கு நடந்தது இது. குமிழைக் கீழே இறக்கிவிட்டு, பிட் மாற்ற ஸ்பானரைக் கொலட் நட்டில் (பிட்டை இறுக்கிப் பிடிக்கும் நட்) போட்டிருந்தேன். ஐப்பசி மாதம், தூரத்தில் இடி. கரண்ட் போய் வந்தது. வந்த வேகத்தில் ட்ரையாக் போய்விட்டது. ரூட்டர் ஒரே உறுமலில் எழும்ப, ஸ்பானர் கையிலிருந்து பறந்து கூரைத் தகரத்தில் அடித்தது. அந்தப் பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது, விரல் தப்பியது. ஆகவே சுவரிலிருந்து ஃபியூஸ், அதன் பிறகு கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன், அதன் பிறகுதான் வேகப் பெட்டி, கடைசியில் ரூட்டர். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான், தச்சர் ஒருவர்): தம்பி, நாற்பது வருடம் மரத்தோடு இருக்கிறேன். நீர் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறீர். மகன் அப்படிக் குறைத்து என்னுடைய பனம் பலகையில் வெட்டினான், நார் நாராகப் பிய்த்துவிட்டது. பனைக்கு வேகம்தான் வேண்டும்.

பதில்: ஐயா, மரத்தில் உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மகன் வேகத்தைக் குறைத்தபோது நகர்வையும் குறைத்தாரா? அதே நகர்வில் விட்டிருந்தால் ஒவ்வொரு வாயும் இரண்டு மடங்குக்கு மேல் கடித்திருக்கும். பனையின் கறுப்பு நார் இரும்பு போல, நடுவில் இருப்பது சோறு போல. பெரிய கடியில் நார் வெட்டுப்படாமல் சோற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

கேள்வி (மாங்குளம்): ஐயா சொல்வதுதான் சரி. நானும் பனையில் பார்த்தேன், 30,000 இல் விளிம்பு சுத்தம்.

பதில்: தம்பி, தேக்கு கருகுகிறது என்று முதலில் கேட்டவர் நீங்கள்தானே! இரண்டும் உண்மை. தேக்குக்குப் பெரிய கடி தாங்கும், பனைக்குத் தாங்காது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): மகனைக் கேட்டேன். நகர்வையும் பாதியாகக் குறைத்தானாம். அப்படியும் பிய்த்தது. கறுப்புப் பக்கம் போகும்போது ரூட்டரின் சத்தமே இறங்கியது, எனக்குக் காது கேட்கும்.

பதில்: ஐயா, விடை உங்கள் காதில் இருக்கிறது. நான் நேற்று இரவு வீட்டில் கிடந்த பனந்துண்டு ஒன்றில் வெட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான். குமிழ் வைத்த சாதாரண ட்ரையாக்குக்கு ரூட்டர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியாது. வெறுமனே ஓடும்போது 12,000 இல் வைத்தால், பிட் கறுப்பு நாருக்குள் இறங்கியதும் வேகம் சரிகிறது. சரியும் கணத்தில் கடி பெரிதாகிறது, அந்த இடத்தில்தான் பிய்கிறது. முழு வேகத்தில் ஓடும்போது மோட்டருக்குப் பலமும் அதிகம், சரிந்தாலும் மிச்சம் இருக்கும். முதல் பதிலில் நான் இதைச் சொல்லாமல் விட்டது பிழை. தேக்கை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

இதற்கு வழி, வேகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தும் கட்டுப்பாடு. கொலட் நட்டைக் கறுப்பாக்கி அதில் ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். எதிரே ஒரு இன்ஃப்ராரெட் சென்சர். 18,000 சுற்று என்றால் செக்கனுக்கு 300 தடவை கோடு தெரியும். எண்ணிக்கை குறைந்தால் நானோ ட்ரையாக்கை முன்னதாகத் திறந்து பலத்தைக் கூட்டும். வோஷிங் மெசின்களில் இதே வேலைக்கு டி.டி.ஏ. 1085 என்ற ஐ.சி. பாவித்தார்கள், மோட்டர் பின்னால் இருக்கும் சிறிய டாக்கோ அதற்கு வேகத்தைச் சொல்லும். பனைக்கு 18,000, புதிய கார்பைட் பிட், ஒரு தடவைக்கு 1 மி.மீ. ஆழம். என்னுடைய துண்டில் விளிம்பு அப்படித்தான் நின்றது.

கேள்வி (நெடுங்கேணி): முதிரைக்கும் அதே 18,000 தானா?

பதில்: முதிரை இறுக்கமான மரம், ஆனால் ஒரே சீர். 14,000 இல் தொடங்கிச் சீவலைப் பார்த்துக் கூட்டுங்கள்.

கேள்வி (மல்லாவி): ரூட்டரைப் போட்டதும் லேப்டாப்பின் யூ.எஸ்.பி. அறுந்து மெசின் நிற்கிறது.

பதில்: பிரஷ் பொறியும் ட்ரையாக்கும் எழுப்பும் இரைச்சல் அது. ரூட்டர் வயரையும் லிமிட் சுவிட்ச் (மெசின் ஓரத்தை எட்டியதைச் சொல்லும் சுவிட்ச்) வயரையும் ஒரே குழாயில் விட்டிருப்பீர்கள், பிரியுங்கள். லிமிட்டுக்கு ஷீல்ட் வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் ஏர்த் செய்யுங்கள். யூ.எஸ்.பி. வயர் குட்டையாக, ஃபெரைட் வளையத்தோடு இருக்கட்டும். பிரஷ்ஷையும் கழற்றிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் பொறி அதிகம்.

கேள்வி (விசுவமடு): மெசின் சட்டத்தைத் தொட்டால் மெல்லக் கடிக்கிறது.

பதில்: உடனே நிறுத்துங்கள். சட்டம் ஏர்த் ஆகியிருக்கிறதா, ட்ரையாக் பி.டி. வகையா என்று பாருங்கள். ஆவணி வெயிலில் மண் காய்ந்தால் ஏர்த் கம்பியின் பிடியும் போய்விடும். கம்பி ஆழமாக இறங்க வேண்டும், அடியில் ஈரம் வேண்டும். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், நீங்களே கை வைக்க வேண்டாம்.

கேள்வி (தருமபுரம்): சோலார் இன்வேர்ட்டரில் ஓடுமா?

பதில்: சுத்தமான சைன் அலை தருவதென்றால் ஓடும். படிக்கட்டு அலை தருவதில் ட்ரையாக் கண்டபடி திறக்கும், போடாதீர்கள்.

கேள்வி (அக்கராயன்): ஃபேன் ரெகுலேட்டர்...

பதில்: இல்லை. மேலே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பூநகரி): மேசையைச் சமப்படுத்த 50 மி.மீ. பிட் போடலாமா? ரூட்டர் 3709 தான்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். 30,000 சுற்றில் அந்தப் பிட்டின் விளிம்பு செக்கனுக்கு 78 மீற்றர் வேகத்தில் ஓடும், மணிக்கு 280 கிலோமீற்றர். வேகத்தைக் குறைத்து ஓட்டுவேன் என்பீர்கள். ட்ரையாக் திறந்தபடி பழுதானால் என்ன ஆகும் என்று மல்லாவிக்குச் சொன்னேன். 6 மி.மீ. காலில் (ரூட்டர் பிடிக்கும் தண்டு) அவ்வளவு பெரிய பிட்டைப் பூட்டவே கூடாது. 20 மி.மீ. அளவில் எடுங்கள், நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): தம்பி, அந்த வெள்ளைக் கோட்டு விஷயத்தை ஒருக்கால் கண்ணால் பார்க்க வேண்டும். பலகையோடு வரலாமா?

பதில்: புதன்கிழமை வாருங்கள் ஐயா, மகனையும் கூட்டிக்கொண்டு. கறுப்பு நார் நெருக்கமாக உள்ள அடிமரத் துண்டாக எடுத்து வாருங்கள். 12,000, 18,000, 24,000 மூன்றிலும் வெட்டுவோம், சத்தத்தை நீங்கள் கேளுங்கள். பிட் மாற்றும்போது பிளக் மகனின் கையில் இருக்கட்டும்.